பதினெட்டு அறைகளை முப்பத்தாறாக்கிய கதை

மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் என் காது மட்டும்தான் வேலை செய்யும். காதுக்கு மேலே இருப்பது நின்றுவிடும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைச்சல் என்று கேள்விப்பட்டு, தென்னூரிலிருந்து ஸ்கூட்டரில் பெட்ரோலை எரித்துக்கொண்டு போய், சொத்தைக் கத்தரிக்காய் வாங்கி வந்தவன் நான். (சொத்தையைக் கழித்தபின் மிஞ்சியதை என் மனைவி ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.) கத்தரிக்காயோடு நின்றிருந்தால் அது எங்கள் வீட்டு விவகாரம். அதே புத்தியை நான் தொழிலிலும் காட்டினேன். அதனால் சில வருடங்களுக்கு முன்பு ஒரு மார்கழி மத்தியானத்தில், பல ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் ஸ்ரீரங்கத்துத் தெரு ஒன்றில் பெட்டியும் படுக்கையுமாக நின்றன. இன்றைக்கு நினைத்தாலும் காதோரம் சுடுகிறது.

என் தொழில் வலைத்தளம் செய்து கொடுப்பது. தென்னூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். ஆபீஸில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு நான். ஆனால் வாடிக்கையாளர்களிடம் பேசும்போது 'எங்க டீம்ல பேசிட்டுச் சொல்றேங்க' என்பேன். ஃபோனை வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து, 'டீம் ஓகே சொல்லிட்டாங்க' என்பேன். அந்த டீம் பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியாது.

ரெங்கராஜன் சார் என் பெரிய வாடிக்கையாளர். (மற்றவர்கள் ஒரு டெய்லரும், நாய்க்குட்டி விற்பவர் ஒருவரும்.) ஸ்ரீரங்கத்தில், கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், பதினெட்டு அறைகள் கொண்ட ஒரு விடுதி அவருடையது. தெருப் பெயர் வேண்டாம், அந்தத் தெரு என்னால் பட்டது போதும். வைகுண்ட ஏகாதசிக்கு விடியுமுன் பரமபத வாசல் திறக்கும்போது உள்ளே இருக்க வேண்டும் என்பதற்காகவே ஜனங்கள் முதல் நாளே வந்து தங்குவார்கள். அந்த ஒரு நாளுக்கு ஊரில் எந்தத் திண்டாட்டம் இருந்தாலும், ரெங்கராஜன் சார் 'உண்டு' என்று சொல்லிவிட்டால் அறை உண்டு. அவர் அப்பா காலத்திலிருந்து அந்த வார்த்தை ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்த வார்த்தையைத்தான் அவர் என்னை நம்பி என் வலைத்தளத்தில் ஏற்றியிருந்தார்.

முதல் வருடம் முன்பதிவு காலை ஒன்பது மணிக்குத் திறந்தது. ஒன்பது அடித்து ஒரு நிமிடத்தில் தளம் படுத்துவிட்டது. வந்த கூட்டத்தை என் ஒற்றை சர்வர் தாங்கவில்லை. அன்று முழுவதும் அவர் ஃபோனிலேயே பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போனார். மறு வருடம் என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை விழாம பாத்துக்கணும். செலவு அடியேனுக்குத் தாங்கறாப்ல இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

செலவு குறைவு என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் தெய்வ வாக்கு கேட்டவன் போல் ஆகிவிட்டேன்.

விஷயம் எளிதுதான். வலைத்தளம் ஓடும் கணினிக்கு சர்வர் என்று பெயர். ஒரு சர்வர் தாங்காதென்றால் இரண்டு வைத்து, வருகிறவர்களை இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று பிரித்து அனுப்ப வாசலில் ஒரு ஆளை நிறுத்த வேண்டும். அந்த வாசல்காரனுக்குத்தான் லோட் பேலன்சர் என்று பெயர். பெட்டியாகவே வாங்கலாம், அந்த விலைக்கு ஒரு கார் வாங்கிவிடலாம். பெரிய கம்பெனிகளிடம் மாத வாடகைக்கு எடுக்கலாம். நிற்பதற்கு ஒரு காசு, உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காசு என்று டாலரில் பில் வரும். சென்னையில் இருக்கும் என் நண்பன், பத்து நாளைக்கு மட்டும் அதை எடுத்துக்கொள், குடும்பத்தோடு ஒரு தடவை ஹோட்டலுக்குப் போகிற செலவுதான் ஆகும் என்றான். நான் குடும்பத்தோடு ஹோட்டலுக்கே போகாதவன் என்பதை அவன் மறந்துவிட்டான்.

மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். விலைப்பட்டியல்களைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். கடைசியில் கண்டுபிடித்தது ஒரு இலவச மென்பொருள். உலகத்தில் பெரிய பெரிய தளங்களே அதை வாசலில் நிறுத்தியிருக்கின்றன. அதன் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், அது கடைசி வரை தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. மலிவு வாடகைக்கு இரண்டு குட்டி சர்வர்களும், அந்த வாசல்காரனுக்கு இன்னொரு பொடி சர்வரும் எடுத்தேன். பாக்கி இருந்தது ஒன்றுதான். எந்த அறை யாருக்கு என்ற பட்டியல் இரண்டு சர்வருக்கும் பொதுவாக, தனியாக ஓரிடத்தில் இருக்க வேண்டும். அதற்கு நாலாவது சர்வர் வாடகை கேட்டார்கள். எதற்கு தண்டச் செலவு என்று, முதல் சர்வரை அப்படியே பட்டியலோடு சேர்த்துப் பிரதி எடுத்து இரண்டாவதில் போட்டுவிட்டேன். இரண்டு குட்டிகளும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

அன்று வீட்டில் இதைப் பெருமையடித்துக்கொண்டேன். என் மனைவி கயல்விழிக்குத் திருச்சி ஜங்ஷனில் முன்பதிவு கவுண்டரில் வேலை. நாங்கள் இருப்பதே அவளுக்குக் கிடைத்த பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். அவளுக்குப் புரியட்டும் என்று, உன் ஆபீஸில் கூட்டம் வந்தால் இரண்டு கவுண்டர் திறப்பீர்களே, அது மாதிரி என்று விளக்கினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"கவுண்டர் ரெண்டு சரி. லிஸ்ட் ஒண்ணுதானேங்க?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை யாரும் படம் பிடிக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம். "இது உங்க ரயில்வே மாதிரி பழைய வேலை இல்ல கயல். இது வேற டெக்னாலஜி" என்றேன். அவள் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, சரி என்றாள். அவள் சரி என்று சொன்னால் சரியில்லை என்று அர்த்தம். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் எனக்கு அது உறைக்கவில்லை.

முன்பதிவு நாள் வந்தது. ஒன்பது மணிக்குக் கூட்டம் அலைமோதியது. என் இரண்டு குட்டிகளும் அசையவில்லை. கால் மணி நேரத்தில் எல்லா அறைகளும் போய்விட்டன. ரெங்கராஜன் சார் ஆள் மூலம் புளியோதரை கொடுத்தனுப்பினார். அதை என் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, டீமுக்கும் சேர்த்து நானே சாப்பிட்டேன்.

சாயங்காலமே அவரிடமிருந்து ஃபோன். விடுதிக்காரருக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தேன், எந்த அறையில் யார் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். "ஏழாம் நம்பர் ரூம், ஒரு தடவை பாத்தா விழுப்புரம்ங்கறது. திருப்பிப் பாத்தா நாமக்கல்ங்கறது. அடியேன் கண்ணுலதான் கோளாறா?" என்றார்.

கொஞ்சம் மூளை உள்ளவன் அந்த இடத்தில் விழித்துக்கொண்டிருப்பான். வாசல்காரன் அவரையும் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை என்று அனுப்பிக்கொண்டிருந்தான். இரண்டு சர்வரிலும் இரண்டு பட்டியல். நானோ, பழைய பக்கம் உங்கள் கம்ப்யூட்டரில் தங்கியிருக்கும் சார், டீமை விட்டுச் சரி செய்கிறேன் என்றேன். சரியும் செய்தேன். ஒரு தடவை ஒரு சர்வருக்குப் போனவரை எப்போது வந்தாலும் அதே சர்வருக்கே அனுப்பு என்று வாசல்காரனிடம் சொல்லிவைக்க ஒரு வழி உண்டு. ஒரே ஒரு வரி எழுதினேன். பெயர்கள் மாறுவது நின்றுவிட்டது. நோயாளியின் முனகல் நின்றதும் குணமாகிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பின டாக்டர் நான். ரெங்கராஜன் சார் தன் கண்ணில் தெரிந்த பதினெட்டுப் பெயர்களை அச்செடுத்து வைத்துக்கொண்டார். மற்ற பதினெட்டுப் பெயர்களும் இரண்டாவது சர்வரில் பத்திரமாக இருந்தன. அவர்கள் எல்லோருடைய ஃபோனிலும் 'உங்கள் அறை உறுதி' என்ற செய்தியும் இருந்தது.

ஏகாதசிக்கு முதல் நாள் மத்தியானம் நான் விடுதிக்குப் போனேன். போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. நாலு பேர் முன்னால் ரெங்கராஜன் சார் என்னைப் பாராட்டுவார் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். (அந்தச் சட்டையை அப்புறம் நான் போடவே இல்லை.) முன்னறையில் மேசை மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரிய விஞ்ஞானி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முதலில் நாமக்கல்லிலிருந்து ஒரு இளம் தம்பதி, கையில் நாலு மாதக் குழந்தை. ஏழாம் நம்பர் என்று ஃபோனைக் காட்டினார்கள். அச்செடுத்த பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. ரெங்கராஜன் சார் தயங்கினார். நான்தான் தலையிட்டு, மெசேஜ் எங்கள் சிஸ்டத்திலிருந்து போனது சார், அது தப்பாகாது, பட்டியலில்தான் ஏதாவது விட்டுப்போயிருக்கும், சாவியைக் கொடுங்கள் என்றேன். இப்படி வரிசையாக நாலு அறைகளுக்கு நானே உத்தரவு போட்டேன்.

அரை மணி நேரம் கழித்து விழுப்புரத்திலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். சரோஜா டீச்சர், ஓய்வு பெற்றவர். அவர் கணவர் மாணிக்கம் சார், தபால் இலாகாவில் இருந்தவர், முழங்கால் ஆபரேஷன் ஆகிக் கைத்தடியோடு வந்திருந்தார். மாடி ஏற முடியாது என்பதற்காகவே தரைத்தளத்தில் இருந்த இரண்டு அறைகளில் ஒன்றான ஏழாம் நம்பரைப் பிடித்திருந்தார்கள். பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது. ஃபோனில் செய்தியும் இருந்தது. அறைக்குள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசல்காரனைத் தாண்டி, இரண்டாவது சர்வரை நேராகத் திறந்து பார்த்தேன். பதினெட்டு அறைகள், பதினெட்டுப் பெயர்கள். முதல் சர்வரிலும் பதினெட்டு. ஒரு பெயர்கூட ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. லிஸ்ட் ஒண்ணுதானேங்க என்று கயல்விழி கேட்டது, கீரையோடு சேர்ந்து அப்படியே கண் முன்னால் வந்து நின்றது.

இரண்டு மணிக்குள் தெரு நிறைந்துவிட்டது. சக்கரம் வைத்த பெட்டிகள், ஜமக்காளம், தண்ணீர் கேன், தூங்கி விழும் பிள்ளைகள். எல்லோர் கையிலும் ஃபோன், எல்லா ஃபோனிலும் என் செய்தி. ரெங்கராஜன் சார் வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவரிடமும் கை கூப்பினார். "பெரிய அபசாரம் நடந்துபோச்சு, க்ஷமிக்கணும்" என்று அவர் சொல்லச் சொல்ல, நான் உள்ளே உட்கார்ந்து லேப்டாப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். தப்பு செய்தவன் மின்விசிறிக்குக் கீழே இருந்தான், செய்யாதவர் வெயிலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்திலிருந்து ஒரு ஆஜானுபாகுவான மனிதர் உள்ளே வந்தார். குரலை உயர்த்தாமலே கேட்டார்.

"இந்த வெப்சைட்ட செஞ்சது யாருங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் திறந்தேன்.

"பிரகாஷுங்க" என்றேன்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்த பிரகாஷ் யாரும் கிடையாது. ஆனால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அதற்குக் கை கால் வைக்க வேண்டியிருக்கிறதே. எங்கள் டீமில் இருக்கிறான், பெங்களூரிலிருந்து வேலை பார்க்கிறான் என்றேன். எப்போதும் காதில் ஹெட்ஃபோன், சொன்னதைக் கேட்கவே மாட்டான், நான் இரண்டு தடவை எச்சரித்தேன் என்றேன். பட்டியலைப் பொதுவில் வை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், எதற்கு தண்டச் செலவு என்று என்னையே கேட்டான் என்றேன். பேசப் பேச எனக்கே பிரகாஷ் மேல் கோபம் வந்துவிட்டது. அவனை சும்மா விடப்போவதில்லை என்று மேசையில் தட்டினேன். ரெங்கராஜன் சார் அந்தப் பிள்ளையாண்டான் நம்பரைக் கேட்டார். சுவிட்ச் ஆஃப் என்றேன். கூட்டத்தின் கோபம் மொத்தமாகப் பெங்களூர் பக்கம் திரும்பியது. பாவம், இவர் என்ன செய்வார் என்று யாரோ எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள். அதை வாங்கிக் குடிக்கவும் செய்தேன்.

சரோஜா டீச்சர் மட்டும் தன் பெட்டி மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பிரகாஷ் தம்பிக்கு இதனால வேலை போயிடுமாங்க?"

தலையை எப்படியோ ஆட்டினேன். நிமிர்ந்தபோது வாசலில் கயல்விழி நின்றிருந்தாள். நான் அரை மணி நேரம் முன்பு ஃபோனில் உடனே வா என்று மட்டும் சொல்லியிருந்தேன். டூட்டி முடித்து நேராக வந்திருக்கிறாள். எத்தனை நேரமாக நிற்கிறாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. உள்ளே வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"பிரகாஷ் ஃபோன எடுத்தாராங்க?"

"இல்ல" என்றேன்.

"எடுக்க மாட்டாரு. அவரு அப்படித்தான்."

அதோடு என் பக்கம் திரும்பவே இல்லை. ரெங்கராஜன் சாரிடம் ஒரு நீளத் தாளும் ஸ்கேலும் வாங்கினாள். தரையில் உட்கார்ந்து கட்டம் போட்டாள். ஒரு பெர்த்துக்கு இரண்டு பேர் வந்தால் ரயில்வேயில் அதற்கு ஆர்.ஏ.சி. என்று பெயர், ஊருக்குப் போய்ச் சேராமல் யாரும் நிற்க மாட்டார்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொரு அறையிலும் இரண்டு குடும்பத்துப் பெண்களும் குழந்தைகளும். ஆண்கள் எல்லோருக்கும் மாடிக் கூடமும் மொட்டை மாடியும். நாள்தோறும் கவுண்டருக்கு வெளியே சண்டை போடுகிறவர்களைப் பார்த்துப் பழகிய குரல் அது. முணுமுணுத்தவர்கள்கூட வரிசையில் வந்து பெயர் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் தெரு காலியானது. லோட் பேலன்சிங் என்றால் என்ன என்று அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒரு தாள், ஒரு ஸ்கேல், ஒரே ஒரு பட்டியல்.

பாக்கி நின்றது ஏழாம் நம்பர். சின்ன அறை, ஒரே கட்டில், மாணிக்கம் சாரால் மாடி ஏற முடியாது. நாமக்கல் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரத் தயாரானாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து உள்ளேயே உட்கார வைத்துவிட்டார். "பச்சை உடம்பு, நீ இரும்மா" என்றார். கயல்விழி உடனே, நம் வீட்டுக்கு வாருங்கள், குவார்ட்டர்ஸ் தரைத்தளம்தான், விடியுமுன் ஆட்டோவில் கூட்டி வந்துவிடுகிறோம் என்றாள். அப்படியாக அந்த இருவரும் காவிரியைத் தாண்டி, ஊரின் அடுத்த கோடியில், பொன்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பரமபத வாசல் திறப்பதைப் பார்க்க வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்து, கால் சரியான பிறகு முதல் தடவையாகக் கிளம்பியவர்கள் என்று வழியில் தெரிந்தது. எனக்கு ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் விடியுமுன் கிளம்பினோம். எல்லோரும் அப்படித்தான் கிளம்பியிருந்தார்கள். காவிரிப் பாலத்தில் ஆட்டோ நின்றது நின்றதுதான். இறங்கி நடக்கலாம் என்றால் மாணிக்கம் சாரின் கால் இடம் கொடுக்காது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, ஆட்டோக்காரர் தன் ஃபோனில் யாரோ போட்ட நேரலையைப் பிடித்துக் கொடுத்தார். நாலு தலைகள் அந்தச் சின்னத் திரைக்கு மேல் கவிழ்ந்தன. நம்பெருமாள் வந்துகொண்டிருந்தார். வாசலை நெருங்கினார். அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்து, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"எல்லாரும் ஒரே நேரத்துல பாக்குறாங்கல்ல, தாங்காது சார்" என்றார் ஆட்டோக்காரர், தொழில் தெரிந்தவர் போல. நான் காவிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் சுற்றி முடிந்து படம் வந்தபோது வாசல் திறந்து முடிந்திருந்தது. மாணிக்கம் சார் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பத்து மணி வாக்கில், வரிசையில் ஊர்ந்து, அந்த வாசல் வழியாக நாங்களும் போனோம். அவர் படியைத் தொட்டுக் கும்பிட்டார், போதும், நிறைவாக இருக்கிறது என்றார். அவர்கள் வந்தது அதற்காக இல்லை. திறக்கிற நிமிடத்துக்காக வந்தார்கள். அதை நான் ஒரு சர்வர் வாடகைக்கு விற்றிருந்தேன்.

துவாதசியன்று கயல்விழி சாஸ்திரப்படி அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சமைத்துப் போட்டாள். ரயிலுக்கு நேரமிருந்ததால் டீச்சர் மறுபடி கோயிலுக்குப் போய்ச் சக்கரத்தாழ்வார் சந்நிதியில் அர்ச்சனை செய்ய ஆசைப்பட்டார். நான் தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அர்ச்சகரிடம் தன் பெயர், கணவர் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"பிரகாஷ் தம்பிக்கு என்ன நட்சத்திரம்?"

எதற்கு என்றேன். பாவம், எல்லோரும் சேர்ந்து அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள், வேலைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று ஒரு அர்ச்சனை என்றார். சந்நிதியில் வைத்து இன்னொரு பொய்க்கு எனக்குத் துணிவில்லை. என் நட்சத்திரத்தையே சொன்னேன். "சதயம்ங்க."

"உங்களுக்கு?"

"எனக்கும் சதயம்தாங்க."

"அப்படியா" என்றார் டீச்சர். அர்ச்சகர் பிரகாஷுக்காகத் துளசியைத் தூவினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்தி என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை தண்ணீர் பாட்டில் வேண்டுமா என்று கேட்டேன். இரண்டாவது தடவை பிஸ்கட். மூன்றாவது தடவை ரயில் வந்துவிட்டது.

நேராக ரெங்கராஜன் சாரிடம் போனேன். அவரிடமாவது சொல்லாவிட்டால் துவாதசிக்குச் சாப்பிட்ட அகத்திக்கீரை எனக்குச் செரிக்காது. பிரகாஷ் என்று யாரும் இல்லை, டீம் என்றே ஒன்றும் கிடையாது, எல்லாம் நான்தான் என்று சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். "அன்னிக்கே சொல்லியிருந்தா, உங்க பக்கத்துலயே நின்னுண்டு நாம ரெண்டு பேருமா கை கூப்பியிருப்போமே" என்றார். அதற்குப் பதில் அவர் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம். அதன்பின் அவரே முப்பத்தாறு குடும்பங்களுக்கும் ஒவ்வொருவராக ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டார். இப்போது என் வலைத்தளத்தில் அறைகளின் புகைப்படம் மட்டும்தான் இருக்கிறது. முன்பதிவு அவருடைய ஃபோனில்.

எங்கள் வீட்டை விட்டுப் பிரகாஷ் அதற்குப் பிறகு போகவே இல்லை. பால் பொங்கி வழிந்தால் கயல்விழி 'பிரகாஷ், அடுப்பைப் பாக்க மாட்டியா' என்பாள். கரண்ட் பில் கட்ட மறந்தால், மறந்தது பிரகாஷ். மாமியார் வீட்டில் விருந்துக்குப் போனால் என் மச்சான், 'பிரகாஷ் வரலையா மாப்ள, அவருக்கும் ஒரு இலை போட்டுட்டோமே' என்பான். கல்யாண வீடுகளில் நான் நாற்காலியில் உட்கார்ந்தால், இதே நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா என்று நாலு பேராவது கேட்காமல் விடுவதில்லை. நானும் சிரித்துவைப்பேன். சரோஜா டீச்சர் ஒவ்வொரு மார்கழியும் கூப்பிடுவார், பிரகாஷ் நன்றாக இருக்கிறாரா என்று விசாரிப்பார். இருக்கிறார் என்பேன். உண்மையை இந்த வருடம் சொல்லிவிட வேண்டும் என்று வருடா வருடம் முடிவு செய்வேன்.

போன மாதம் ஒரு காலையில் தபால்காரர் வந்தார். ஸ்பீட் போஸ்ட், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மஞ்சள் தடவிய கவர். மாணிக்கம் சாருக்கு எழுபது வயது பூர்த்தி, பீமரத சாந்தி. தபால் இலாகாக்காரரின் குண்டு குண்டான கையெழுத்தில் முகவரி எழுதியிருந்தது. குவார்ட்டர்ஸ் எண், பொன்மலை, பின்கோடு எல்லாம் துல்லியமாக எங்களுடையதுதான். அதற்கு மேலே, 'திரு. பிரகாஷ் அவர்கள், திருமதி கயல்விழி பிரகாஷ் மற்றும் குடும்பத்தினர்' என்று இருந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்று, 'நான் இல்ல டீச்சர், அவன்தான்' என்று சொன்ன பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர் சரோஜா டீச்சர். அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சந்நிதியில் நின்று என்னிடமே என் நட்சத்திரத்தைக் கேட்டிருக்கிறார். எனக்காகவே துளசி போட்டிருக்கிறார்.

கயல்விழி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். தபால்காரர் எங்கள் கதவிலிருந்த என் பெயர்ப் பலகையைப் பார்த்தார், கவரைப் பார்த்தார்.

"இங்க பிரகாஷ் யாருங்க?" என்றார்.

"நான்தாங்க" என்றேன்.